விழித்திருந்து கண்ட சொப்பனம்

1967ஆம் வருஷம் ஜூன் மாதம், பீட்டில்ஸ் குழுவினரின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ இசைத்தட்டு அப்போதுதான் கடைக்கு வந்து, இங்கிலாந்தின் இளைஞர்களுக்கு அதைத் தவிர வேறு பேச்சே இல்லாதிருந்த நாட்களில், அந்தத் தட்டு உருவான அதே ஆபி ரோடு ஸ்டூடியோவுக்கு, அதைப் பதிவு செய்த அதே ஜெஃப் எமரிக்கிடம், லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் என்ற பழைய தேவாலய நகரத்தைச் சேர்ந்த ஐந்து இளைஞர்கள் தங்கள் வாத்தியங்களோடு வந்து சேர்ந்தார்கள். ஜோம்பீஸ் என்பது அவர்கள் குழுவின் பெயர். மூன்று வருஷங்களுக்கு முன்னால் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வானொலியைத் திருப்பினாலே காதில் விழுந்த பெயர். இப்போதோ, ‘அவர்கள் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறார்களா?’ என்று ஜனங்கள் கேட்கும் நிலைக்கு வந்துவிட்ட பெயர். சி.பி.எஸ். என்ற இசைத்தட்டு ஸ்தாபனம் ஒரு முழு இசைத்தட்டுக்கென்று அவர்கள் கையில் கொடுத்த தொகை ஆயிரம் பவுன். அந்தத் தொகையில், நவம்பர் மாதம் வரை விட்டு விட்டுப் பதிவாகி, 1968 ஏப்ரலில், அதாவது குழுவே கலைந்துபோன பிறகு, வெளிவந்த ‘ஒடிஸி அண்ட் ஆரக்கிள்’ என்ற இசைத்தட்டைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுகிறேன்.

அந்தக் காலத்து சைக்கடெலிக் ராக் சங்கீதத்தைப் பற்றி ஓர் அபிப்பிராயம் நெடுநாளாக நிலைத்திருக்கிறது. எல்.எஸ்.டி. போன்ற வஸ்துக்களால் பிரக்ஞையின் கட்டுகள் அவிழ, அப்படி அவிழ்ந்த மனம் கண்ட காட்சிகளே வாத்தியங்களின் வழியாகப் பெருகி வந்தன என்றும், ஆகையால் அந்தச் சங்கீதத்துக்கு ஒழுங்கோ அளவோ தேடுவது அதன் இயல்புக்கே விரோதமானது என்றும் சொல்வார்கள். சில இசைத்தட்டுகளைப் பொறுத்தவரை இதில் உண்மை இருக்கலாம். ஆனால் ஜோம்பீஸ் குழுவின் இந்தத் தட்டை, அதன் பன்னிரண்டு பாட்டுகளையும், சுமார் முப்பத்தைந்து நிமிஷ நேரத்தையும், வருஷக்கணக்காகக் கேட்டு வந்திருக்கிற எனக்கு, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த சொப்பனம் முழு விழிப்பில் இருந்தவர்களால் கட்டப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. அவர்கள் மயங்கியதற்கான அடையாளம் இதில் எங்கும் கிடையாது, கேட்கிறவன்தான் மயங்குகிறான். இந்த வித்தியாசத்தை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன்.

இதற்குக் காரணம் அவர்கள் வளர்ந்த விதத்திலேயே இருக்கிறது. ஆர்கனும் பியானோவும் வாசித்த ராட் ஆர்ஜென்ட் சிறுவயதில் செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயத்தின் பாடகர் குழுவில் பாடிப் பழகியவர். பல குரல்கள் ஒன்றையொன்று மிதிக்காமல், ஒன்றுக்கொன்று இடம்விட்டு, ஆனால் ஒரே கட்டிடமாக நிற்கவேண்டிய அந்தத் தேவாலயச் சங்கீதத்தின் நியாயம், எல்விஸ் பிரெஸ்லியின் தட்டைப் பதினோரு வயதில் கேட்டுப் பரவசமான பிறகும் அவரை விட்டுப் போகவில்லை. அவரும், கிட்டார் வாசித்த பால் அட்கின்ஸனும், டிரம்ஸ் வாசித்த ஹியூ கிரண்டியும் ஒரு பள்ளிக்கூடத்து மாணவர்கள். பாடகர் காலின் பிளன்ஸ்டோனும், பின்னால் வந்து சேர்ந்து பாஸ் கிட்டாரை ஏற்ற கிறிஸ் ஒயிட்டும் அதே ஊரின் வேறொரு பள்ளியைச் சேர்ந்தவர்கள். 1961இல் கூடி வாசிக்கத் தொடங்கிய இவர்கள், 1964இல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்று நடத்திய போட்டியில் வென்று, டெக்கா நிறுவனத்தின் ஒப்பந்தத்தைப் பெற்று, பள்ளிப் படிப்பு முடிந்த சூட்டோடு ‘ஷீ இஸ் நாட் தேர்’ என்ற முதல் பாட்டை வெளியிட்டார்கள். அது அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலில் இரண்டாவது இடம் வரை ஏறிற்று. அடுத்த வருஷம் ‘டெல் ஹர் நோ’ ஆறாவது இடத்தை எட்டியது.

அதற்குப் பிறகு வெளிவந்தவை ஒவ்வொன்றாகக் காற்று வாங்கின. பாட்டுகள் மோசம் என்பதல்ல. அவற்றில் சில இன்றைக்கும் கேட்கத் தகுந்தவை. ஆனால் பதிவான பாட்டுக்கும் தட்டில் வந்து சேர்ந்த பாட்டுக்கும் இடையே எதுவோ ஒன்று கை நழுவிப்போகிறது என்ற மனக்குறை ஆர்ஜென்டுக்கும் ஒயிட்டுக்கும் இருந்தது. தயாரிப்பாளர் கென் ஜோன்ஸ் திறமைசாலி. ஆயினும், தாங்கள் மனத்தில் கேட்ட முரட்டுத்தனமும் நெருக்கமும் அவர் கலந்து கொடுக்கும் ஒலியில் மழுங்கிவிடுவதாக அவர்கள் எண்ணினார்கள். இதற்கிடையில் 1967இன் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸ் தேசத்துக்குப் போன ஜோம்பீஸ், மனிலா விமான நிலையத்திலேயே ரசிகர்கள் திரண்டு நிற்பதையும், அரனெட்டா அரங்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிக் கூச்சலிடுவதையும் கண்டு திகைத்துப்போனார்கள். சொந்த ஊரில் மறக்கப்பட்டவர்கள், தாங்கள் அறியாமலேயே அங்கே பிரபலஸ்தர்களாக இருந்தார்கள். இந்தக் கீர்த்தியினால் அவர்களுடைய வரும்படி உயரவில்லை. குழு நீடிக்காது என்ற எண்ணம் அந்த வருஷத்திலேயே அவர்கள் மனத்தில் விழுந்துவிட்டது என்று நினைக்கிறேன். கலைவதற்கு முன்னால், நம் கையாலேயே, நம் காதுக்குச் சரியென்று படும்படி, ஒரே ஒரு இசைத்தட்டைச் செய்துவிடவேண்டும் என்று ஆர்ஜென்டும் ஒயிட்டும் தீர்மானித்தார்கள். தயாரிப்புப் பொறுப்பையும் தாங்களே ஏற்றார்கள்.

ஆயிரம் பவுன் என்பது ஸ்டூடியோவில் உட்கார்ந்து யோசிப்பதற்கான பணமல்ல. பீட்டில்ஸ் குழுவினர் ஒரு பாட்டுக்கு எத்தனை இரவுகள் வேண்டுமானாலும் செலவிடலாம், இவர்களால் முடியாது. ஆகவே ஒவ்வொரு பாட்டையும், இன்ன இடத்தில் இன்ன குரல் நுழையவேண்டும், இன்ன இடத்தில் பியானோ நிற்கவேண்டும் என்பது வரைக்கும், வெளியிலேயே ஒத்திகை பார்த்து முடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். அப்போதிருந்த நான்கு தடங்களுள்ள ஒலிநாடா இயந்திரத்தில் நிரம்பிய தடங்களை இன்னொரு நாடாவுக்கு மாற்றி, அதனால் கிடைக்கும் இடத்தில் மேலும் ஒரு குரலை, மேலும் ஒரு வாத்தியத்தைச் சேர்க்கும் உபாயம் அந்த ஸ்டூடியோவில் அதற்குச் சில மாதங்களுக்கு முன்தான் மிக உயர்ந்த நிலையை எட்டியிருந்தது. எமரிக்கும் இன்னொரு ஒலிப்பதிவாளரான பீட்டர் வின்ஸும் அந்த வித்தையை இவர்களுக்கும் கொடுத்தார்கள். ஆபி ரோடு கிடைக்காத நாட்களில் ஒலிம்பிக் ஸ்டூடியோவுக்குப் போய்ச் சில பாட்டுகளைப் பதிவு செய்தார்கள்.

ஆபி ரோடில் அப்போது மெல்லோட்ரான் என்ற ஒரு வாத்தியம் கிடந்தது. ஜான் லென்னன் அங்கே விட்டுவிட்டுப் போனது என்று ஆர்ஜென்ட் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பார்வைக்கு ஆர்கனைப் போலிருக்கும் அந்தப் பெட்டிக்குள், ஒவ்வொரு கட்டைக்கும் நேராக ஒரு துண்டு ஒலிநாடா தொங்குகிறது. அந்த நாடாவில் யாரோ ஒருவர் எப்போதோ வாசித்த புல்லாங்குழலின், அல்லது வயலின்களின், ஒரே ஒரு ஸ்வரம் பதிவாகியிருக்கிறது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், ஸ்வரம் ஒலிக்கும். சுமார் எட்டு விநாடிக்குள் நாடா தீர்ந்து, ஒலி அறுந்துபோகும். விரலை எடுத்தால் நாடா பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நாடா எப்போதும் ஒரே சீரான வேகத்தில் ஓடுவதில்லை என்பதால் சுருதி இலேசாக நடுங்கும். உயிருள்ள வயலின் கோஷ்டியை அமர்த்த வசதி இல்லாதவர்களுக்கு இது ஒரு மாற்று என்ற அளவிலேயே பலர் இதை உபயோகித்தார்கள். ஆர்ஜென்டோ இந்த வாத்தியத்தின் குறையையே அதன் குணமாகக் கண்டார். ‘ஹங் அப் ஆன் எ ட்ரீம்’ என்ற பாட்டில், பூக்களும் ஒளியுமாக ஒரு நகரத்தில் கூடிய கூட்டத்தை ஒருவன் நினைவுகூரும்போது, பின்னணியில் எழுகிற அந்த நடுங்கும் வயலின் ஒலி, எதிரே நடப்பதன் ஒலியாக இராமல், நடந்து முடிந்துவிட்டதன் ஒலியாக இருக்கிறது. ‘சேஞ்சஸ்’ பாட்டிலும் அதே வாத்தியத்தின் புல்லாங்குழல் குரல் வருகிறது. ஒரு பெண் மாறிப்போய்விட்டாள் என்று சொல்லும் பாட்டுக்கு, ஒரு காலத்தில் வாசித்து நாடாவில் உறைந்துவிட்ட குழலைக் காட்டிலும் பொருத்தமான துணை எங்கே கிடைக்கும்?

பாட்டுகளில் ஐந்து ஆர்ஜென்ட் எழுதியவை, ஏழு ஒயிட் எழுதியவை. இந்த இருவரும் அக்காலத்து மற்ற பாட்டெழுதிகளைப் போல வானத்து வாசல்களையும் வர்ணக் கண்ணாடிகளையும் நாடிப் போகவில்லை. அவர்களுடைய பாட்டுகளில் மனிதர்கள் இருக்கிறார்கள், அந்த மனிதர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. முதற்பாட்டான ‘கேர் ஆஃப் செல் 44’ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உல்லாசமான பியானோ, துள்ளும் பாஸ் கிட்டார், நடுவில் வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ளச் சொற்களே இல்லாமல் அடுக்கடுக்காக எழுகின்ற குரல்கள். காதலிக்கு ஒருவன் எழுதும் சந்தோஷமான கடிதம் என்றுதான் கேட்கிறவன் எண்ணுவான். அவள் வருகிற நாளை எண்ணிக்கொண்டிருக்கிறான், அறையை ஒழுங்கு செய்து வைத்திருக்கிறான் என்றெல்லாம் போய்க்கொண்டிருக்கும்போதே, அவள் வரப்போவது சிறைச்சாலையிலிருந்து என்பது மெல்ல விளங்குகிறது. என்ன குற்றம், எத்தனை வருஷம் என்று பாட்டு சொல்லவே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் பொய் கிடையாது, அதன் அடியிலே கிடக்கும் துக்கத்திலும் பொய் கிடையாது. இரண்டும் ஒரே மெட்டில் அடங்கியிருக்கின்றன. இதைப் போன்ற பொருளை மற்றொருவர் எழுதியிருந்தால் அழுகைப் பாட்டாக முடிந்திருக்கும்.

இரண்டாவது பாட்டு ‘எ ரோஸ் ஃபார் எமிலி’. வில்லியம் ஃபாக்னர் 1930இல் வெளியிட்ட பிரசித்தமான சிறுகதையின் தலைப்பு அது. கதையில் வரும் பயங்கரத்தை, பூட்டிய அறையையும் அதனுள் இருந்ததையும், ஆர்ஜென்ட் அடியோடு விட்டுவிட்டார். பிறருக்கெல்லாம் தன் தோட்டத்து ரோஜாக்கள் போய்ச் சேர, தனக்கென்று ஒரு பூ வராமலே முதுமை அடைந்த ஒருத்தியை மாத்திரம் எடுத்துக்கொண்டார். இந்தப் பாட்டுக்கு மெல்லோட்ரானும் செல்லோவும் சேர்த்த ஒரு வடிவமும் அவர்களிடம் இருந்தது. ஆனால் தட்டில் வைத்தது பியானோவையும் குரல்களையும் மட்டுமே. கையில் இருக்கும் அலங்காரத்தை வேண்டாம் என்று ஒதுக்கிய இந்த ஒரு முடிவுக்காகவே இவர்களை நான் வணங்குவேன்.

‘பீச்வுட் பார்க்’ என்பது ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் உண்மையாகவே இருக்கிற ஒரு மாளிகை. ஒயிட்டின் தகப்பனார் அதற்கு அருகில் கடை வைத்திருந்தார், அங்கே சாமான் கொண்டுபோய்க் கொடுத்த ஞாபகம்தான் பாட்டாகியது. மழை ஓய்ந்த கோடை மாலையின் ஈரமும் புழுக்கமும் கலந்த வாசனை அதில் இருக்கிறது. ‘ப்ரீஃப் கேண்டில்ஸ்’ பாட்டை மூன்று பேர் ஆளுக்கொரு சரணமாகப் பாடுகிறார்கள். ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மைன்’ என்ற பாட்டு, நண்பர்களாகிய ஜோடிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லி அவர்கள் சேர்ந்திருப்பதில் மகிழ்கிறது. நல்ல எண்ணம், ஆயினும் மற்ற பாட்டுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மெல்லியது என்றே என் காதுக்குப் படுகிறது. அந்த ஜோடிகளில் பெரும்பாலோர் பின்னால் பிரிந்துவிட்டார்கள் என்று தெரிந்தபின் கேட்டால் மட்டும் அதற்கு ஒரு கனம் வந்து சேர்கிறது. அந்தக் கனம் பாட்டெழுதியவர் கொடுத்ததல்ல.

நான் சற்று நின்று பேச விரும்புவது ‘புச்சர்ஸ் டேல்’ என்ற பாட்டைப் பற்றி. தலைப்பில் ‘மேற்குப் போர்முனை 1914’ என்ற வார்த்தைகள் இருந்தாலும், பாட்டுக்குள் வரும் ஊர்ப்பெயர்களில் பெரும்பாலானவை 1916இல் ஸோம் நதிக்கரையில் நடந்த யுத்தத்தைச் சேர்ந்தவை. அந்த யுத்தத்தின் முதல் நாளான ஜூலை 1ஆம் தேதி மாத்திரம் பிரிட்டிஷ் சேனையில் ஏறத்தாழ 19,000 பேர் மாண்டார்கள். காயம்பட்டவர்களையும் காணாமற்போனவர்களையும் கூட்டினால் 57,000க்கு மேல். ஒயிட் இந்த யுத்தத்தைப் பற்றி நிறையப் படித்தவர். ஊரில் கசாப்புக்கடை வைத்திருந்து, சிப்பாயாகப் போர்முனைக்கு வந்து சேர்ந்த ஒருவன் பேசுவதாக அவர் பாட்டை அமைத்தார். வெட்டுவதும் இரத்தமும் தொழிலாகக் கொண்ட ஒருவனுக்கே கை நடுக்கம் நிற்கவில்லை என்பதில் பாட்டின் பயங்கரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதற்கு டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை. காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய ஆர்கன் ஒன்று, நம் நாடக மேடைகளில் ஒலித்த ஹார்மோனியத்துக்கு உறவான வாத்தியம், மூச்சுத் திணறுவதுபோல் இழுத்து இழுத்து ஒலிக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் இரும்பு உரசுவது போன்ற இனம் தெரியாத ஓசை கேட்கிறது. பிளன்ஸ்டோனின் குரல் இதற்குப் பொருந்தாத அளவு அழகானது. ஆகையால், தேர்ந்த பாடகராகத் தம்மை நினைத்துக்கொள்ளாத ஒயிட்டையே பாடும்படி ஆர்ஜென்ட் வற்புறுத்தினார். அந்தக் குரல் உயரே போகும்போது உடைகிறது. உடைவதை அவர்கள் திருத்தவில்லை. அன்பும் அமைதியும் என்று ஊரெங்கும் கோஷம் எழுந்த வருஷத்தில், அமைதியைக் குறித்து இத்தனை உண்மையான வேண்டுகோள் வேறு எந்த ராக் குழுவின் பாட்டிலும் வந்ததாக நான் அறியேன்.

பிளன்ஸ்டோனின் குரலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. காற்று சற்று அதிகமாகக் கலந்த, உரக்கப் பாடினாலும் காதருகே பேசுவது போன்ற, வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாத குரல் அது. கடைசிப் பாட்டான ‘டைம் ஆஃப் த ஸீஸன்’ பதிவாகும்போது நடந்ததை அவரே பின்னாட்களில் கூறியிருக்கிறார். பாட்டு அப்போதுதான் எழுதி முடிந்திருந்தது. ஒத்திகைக்குப் போதிய அவகாசம் இல்லை. நேரமும் பணமும் தீர்ந்துகொண்டிருந்தன. வரியை இப்படி இழு, அப்படி நிறுத்து என்று ஆர்ஜென்ட் கண்ணாடிக்கு அப்பாலிருந்து திருத்திக்கொண்டே இருக்க, பொறுமை இழந்த பிளன்ஸ்டோன், அத்தனை நன்றாகத் தெரிந்திருந்தால் நீயே வந்து பாடு என்று கடுமையான வார்த்தைகளில் சொல்லிவிட்டார். பாடகன் நீதான், பாடி முடித்துவிட்டுப் போ என்பது ஆர்ஜென்டின் பதில். இந்தச் சண்டையின் ஊடே பதிவானதுதான் அந்த இசைத்தட்டிலேயே மிகவும் சாந்தமான, எவ்வித அவசரமும் இல்லாத பாட்டு. பாஸ் கிட்டாரின் சிறு சுற்று, ஒரு கைத்தட்டல், உடனே ஒரு பெருமூச்சு. இந்த மூன்றையும் மாற்றி மாற்றி வைத்துக் காலப்பிரமாணத்தையே அதில் கட்டிவிட்டார்கள். அதன் மேல் ஆர்ஜென்டின் ஆர்கன் தனி ஆவர்த்தனமாக இருமுறை வருகிறது. ஜாஸ் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த கை அது என்பதை அந்த இரண்டு இடங்களில் தெரிந்துகொள்ளலாம்.

வேலை முடிந்ததென்று நினைத்த சமயத்தில் சி.பி.எஸ். இன்னொன்றைக் கேட்டது. அந்நாளைய வழக்கப்படி ஒரே ஒலிவாயிலுக்கான மோனோ வடிவத்தை மட்டும் அவர்கள் கலந்து கொடுத்திருந்தார்கள். இரு ஒலிவாயில்களுக்கான ஸ்டீரியோவும் வேண்டும் என்றது சி.பி.எஸ். ஆயிரம் பவுன் தீர்ந்துவிட்டது. ஆர்ஜென்டும் ஒயிட்டும் பாட்டெழுதியதற்காகத் தங்களுக்கு வந்த பங்கிலிருந்து இருநூறு பவுனை எடுத்துக் கொடுத்து அதையும் முடித்தார்கள். ‘திஸ் வில் பி அவர் இயர்’ பாட்டில் மட்டும் ஒரு சங்கடம் ஏற்பட்டது: அதில் வரும் பித்தளைக் குழல்களைத் தனித் தடத்தில் பதியாமல், மோனோ கலக்கும்போதே நேரடியாக வாசித்துச் சேர்த்திருந்ததால், அவற்றைப் பிரித்தெடுத்து ஸ்டீரியோ செய்ய வழியில்லாமற் போயிற்று. அட்டைப்படத்தை ஒயிட்டோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த டெர்ரி க்வர்க் வரைந்தார். பூக்களும் கொடிகளும் முகங்களும் பின்னிய அந்த அழகான சித்திரத்தில் ‘ஒடிஸி’ என்ற சொல்லின் எழுத்துக்கூட்டு பிசகியிருந்தது. அதைக் கவனித்தபோது திருத்துவதற்கு நேரம் கடந்துவிட்டது. அந்தப் பிசகோடுதான் இன்றைக்கும் அந்தப் பெயர் நிற்கிறது.

குழு உடைந்ததற்குப் பகைமை காரணமல்ல. பாட்டெழுதிய இருவருக்கும் உரிமைத்தொகை வந்துகொண்டிருந்தது. மற்ற மூவருக்கும் மேடைக் கச்சேரிகளே ஜீவனம், அந்தக் கச்சேரிகளின் கூலியோ நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வந்தது. அட்கின்ஸனுக்குக் கல்யாணம் செய்துகொள்ளவேண்டிய நேரம். 1967 நவம்பரில் ‘கேர் ஆஃப் செல் 44’ சிங்கிள் என்னும் தனிப்பாட்டுத் தட்டாக வெளிவந்து, யாரும் கண்டுகொள்ளாமல் போனபோது, இனி இழுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்று டிசம்பரில் பிரிந்துவிட்டார்கள். வறுமை கலைக்கு நல்லது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நேரமும் பணமும் குறைவாக இருந்தபடியால்தான் இந்தப் பாட்டுகளுக்கு இத்தனை இறுக்கமும் தெளிவும் வந்தன என்பதை நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அதே வறுமைதான், இருபதுகளின் தொடக்கத்து வயதில், தங்கள் சக்தியின் உச்சத்தில் நின்ற ஐந்து பேரை ஆளுக்கொரு திசையில் அனுப்பி வைத்தது. இந்தத் தட்டுக்கு அடுத்ததாக வந்திருக்கக்கூடிய ஒன்றை நாம் கேட்கவே முடியாமற் செய்தது. ஒரு நல்ல குணத்துக்காக அதன் கொடுமையை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. பிளன்ஸ்டோன் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உத்தியோகத்துக்குச் சேர்ந்தார்.

இங்கிலாந்தில் தட்டு விற்கவில்லை. அமெரிக்காவில் அதை வெளியிடும் உத்தேசமே அங்கிருந்த சி.பி.எஸ். ஸ்தாபனத்தாருக்கு இல்லை. அங்கே புதிதாகத் தயாரிப்பாளர் பொறுப்பை ஏற்றிருந்த அல் கூப்பர் என்ற இசைக் கலைஞர், லண்டனிலிருந்து கொண்டுபோன தட்டுகளில் இதைக் கேட்டு அசந்துபோய், தலைவர் கிளைவ் டேவிஸிடம் நேரே சென்று, இதை வெளியிடாமல் விடக்கூடாது என்று வாதாடினார். வெளியிட்டார்கள். முதல் சிங்கிளாக, வியட்நாம் யுத்த காலத்துக்குப் பொருந்தும் என்று எண்ணியோ என்னவோ, ‘புச்சர்ஸ் டேல்’ பாட்டைப் போட்டார்கள், அது எடுபடவில்லை. பிறகு வந்த ‘டைம் ஆஃப் த ஸீஸன்’ ஊர் ஊராக வானொலி நிலையங்களில் பரவி, 1969இன் தொடக்கத்தில் பில்போர்டு பட்டியலில் மூன்றாவது இடத்துக்கும், கேஷ்பாக்ஸ் பட்டியலில் முதலிடத்துக்கும் உயர்ந்தது. அப்போது ஜோம்பீஸ் என்ற குழு உலகத்தில் இல்லை. இல்லாத குழுவுக்குக் கச்சேரி கேட்டு அழைப்புகள் வந்தன. அதைக் கண்ட சிலர் அமெரிக்காவில் போலிக் குழுக்களைத் தயார் செய்து ஜோம்பீஸ் என்று மேடையேற்றினார்கள். அப்படி நடித்த இளைஞர்களில், பிற்காலத்தில் ஸீ ஸீ டாப் குழுவின் மூலம் புகழடைந்த டஸ்டி ஹில்லும் ஃபிராங்க் பியர்டும் உண்டு. உண்மையான ஐவரோ திரும்பக் கூடவில்லை. ஆர்ஜென்டும் ஒயிட்டும் ஆர்ஜென்ட் என்ற பெயரிலேயே புதுக் குழுவுக்கு அஸ்திவாரம் போட்டிருந்தார்கள். ஏற்ற காரியத்தை விட்டுவிட்டுப் பழைய பெயரின் பணத்துக்காகத் திரும்ப அவர்கள் சம்மதிக்கவில்லை. இதை நான் மிக உயர்ந்த காரியமாகக் கருதுகிறேன்.

அதன் பிறகு இந்தத் தட்டு கைமாறிக் கைமாறி, ஒரு ரசிகன் இன்னொரு ரசிகனிடம் சொல்லிச் சொல்லியே வளர்ந்தது. பால் வெல்லரைப் போன்ற பிற்காலத்து இசைக் கலைஞர்கள் அதை வாயாரப் புகழ்ந்தார்கள். அட்கின்ஸன் 2004இல் காலமானார். மீதியுள்ள நால்வரும் 2008 மார்ச்சில் லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கத்தில் கூடி, நாற்பது வருஷங்களில் முதன்முறையாக, தட்டின் பன்னிரண்டு பாட்டுகளையும் வரிசை பிசகாமல் மேடையில் பாடினார்கள். ஸ்டூடியோவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய குரல்கள் அனைத்தையும் மேடையிலும் கேட்கச் செய்யவேண்டும் என்பதற்காகக் கூடுதல் பாடகர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 2019இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

இந்தத் தட்டை இன்னும் கேட்டிராதவர்களுக்கு ஒரு வார்த்தை. கூடுமானால் மோனோ வடிவத்தைத் தேடிப் பெறுங்கள். அவர்கள் உட்கார்ந்து தங்கள் கையால் முதலில் கலந்தது அதுதான், பித்தளைக் குழல்களைச் சேர்த்துக் கலந்ததும் அதிலேதான். ‘டைம் ஆஃப் த ஸீஸன்’ பாட்டை மட்டும் தனியாகப் பொறுக்கிக் கேட்காதீர்கள். சிறையிலிருந்து வரப்போகிறவளுக்கு எழுதிய கடிதத்திலிருந்து தொடங்கி, ரோஜாக்காரியையும் கசாப்புக்காரனையும் தாண்டி வந்து, கடைசியில் அதைக் கேளுங்கள். அமெரிக்காவை வென்ற அந்தப் பாட்டு, அது பிறந்த இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் ஒரு வாரம்கூட இடம்பெற்றதில்லை.